மூப்பும் முதுமையும்

நியூயோர்க் நகரத்துச் சுரங்க இரயிற் சாரதிகளைப் பற்றிய சில எண்ணங்கள்

தமிழிலே மூப்பு, முதுமை, முதிர்ச்சி என மூன்று சொற்கள் உள. மாணாக்கர் பலர் இவற்றை ஒருபொருட் சொற்களாகக் கொண்டு எழுதிவிடுவர். அணுகி நோக்கின் அவை வேறு வேறு பொருளன என்பது புலனாகும். முதுமை உடம்பைப் பற்றியது. நரையும் திரையும் பார்வை மங்கலும் அதன் அடையாளங்கள். மூப்பு என்பது வழக்கிலே முதுமையையும் குறிக்குமாயினும், சேவைமூப்பு என்னும்போது வரிசைப் பொருளே அதிற் சிறக்கும். முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார் என்னும் முறையில் ஒருவர் நிற்கும் இடத்தை அது காட்டும். முதிர்ச்சியோ அறிவைப் பற்றியது. காய் கனியாவது போல ஒருவன் தன் தொழிலிலே பக்குவப்பட்டு நிற்கும் நிலை அது. முதுமை யாரையும் கேளாமலே வரும். மூப்பு, சேர்ந்த இடத்தில் நிலைத்திருப்பார்க்கு வரும். முதிர்ச்சி, முன்னோரிடம் கேட்டுப் பெறுவார்க்கே வரும்.

இம்மூன்றும் சிலவேளை கைகோத்தும் சிலவேளை முரண்பட்டும் நிற்கும் தொழிற்களம் ஒன்றைப் பற்றி அண்மையிலே அறிய நேர்ந்தது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிற் குடியேறிய என் பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது, தாம் நாடோறும் ஏறும் சுரங்க இரயிலின் சாரதிகள் வயதைக் கொண்டன்றி, வேலைக்கு வந்த நாளைக் கொண்டே தம்முள் முறை வகுத்துக்கொள்கின்றனர் என்றார். 50ஐக் கடந்த ஆசிரியன் ஒருவனுக்குச் சேவைமூப்பு, இளைப்பாறுதல் என்பன வெறும் அகராதிச் சொற்களாக இருப்பதில்லை. ஆகவே இது குறித்துக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றால் விளைந்த எண்ணங்களை வாசகர் முன் வைக்கின்றேன்.

சொல் ஒன்றைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. நம் நாட்டில் இரயிலைப் புகையிரதம் என்று வழங்குகின்றோம். நிலத்தின் கீழ் ஓடுவது மின்சார வண்டியாதலின் அதற்குப் புகை இல்லை. எனவே சுரங்க இரயில் என்றே எழுதுகின்றேன்.

நிலத்தின் கீழ் ஓர் உலகம்

நியூயோர்க்கின் சுரங்க இரயில் 1904ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆந் தேதி தொடங்கப்பெற்றது. தொடக்க விழாவிலே நகர முதல்வர் மக்கிளெலன், வெள்ளியாற் செய்த கைப்பிடியொன்றைப் பிடித்து வண்டியைச் சிறிது தூரம் செலுத்திவிட்டுச் சாரதியிடம் ஒப்படைப்பார் என்பது ஏற்பாடு. பிடித்த கைப்பிடியை அவர் விட்டாரல்லர். உடனிருந்தோர் கலங்கி நிற்க, 103ஆம் தெருவரையும் தாமே ஓட்டிச் சென்றார். உரிய வேளையில் ஆசனத்தை விட்டெழ மனம் வாராமை என்பது அந்த இரயிலின் முதல் நாளிலேயே தோன்றிவிட்டது எனலாம்.

முதலில் இரண்டு தனியார் கம்பனிகளின் கையிற் சுரங்க இரயில் வளர்ந்தது. 1932இல் நகரமே தனக்கென ஒரு பகுதியைத் திறந்தது. 1940இல் மூன்றும் ஒன்றாக்கப்பட்டு நகரத்தின் உடைமையாயின. பழைய கம்பனிக் காலத்தின் தடம் இன்றும் அழியவில்லை. எண்களாற் பெயர் பெற்ற வழிகளும் எழுத்துக்களாற் பெயர் பெற்ற வழிகளும் இரு பிரிவுகளாகவே இயங்குகின்றன. சாரதிகளின் மூப்பு வரிசையும் அவ்வாறே இரண்டாகும். இன்று 470க்கு மேற்பட்ட நிலையங்கள் உள. வழிகளுள் நெடியது 31 மைல் செல்லும். 2020 மே முதல் ஓராண்டு, கொள்ளைநோய் காரணமாக இரவிற் சில மணிநேரம் மூடப்பட்டதை விட்டால், 24 மணி நேரமும் ஓடுவது இவ்விரயிலின் இயல்பு.

வாசகர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இரவு 2 மணிக்கும் வண்டி ஓடுமாயின், இரவு 2 மணிக்கும் ஒருவர் அதனை ஓட்டியாக வேண்டும். பண்டிகை நாளிலும் ஓட்டியாக வேண்டும். அந்த ஒருவர் யார்? சேவைமூப்பு என்னும் நியாயம் முழுவதும் இக்கேள்விக்கு விடையாகவே நிற்கின்றது.

வந்த நாளே வரிசை

சாரதியாக விரும்புவோர் போட்டிப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். வெளியிலிருந்து நேரே வருவாரும் உளர். வண்டியின் நடுவில் நின்று கதவுகளைத் திறந்து மூடும் நடத்துநராக இருந்து உயர்வாரும் உளர். தேறியோரின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. நியமனம் பெற்ற நாள் மூப்பைத் தீர்மானிக்கும். ஒரே நாளில் நியமனம் பெற்றோருள் பட்டியல் எண் தீர்மானிக்கும். பின்னர் அவர் எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் அவ்வரிசையில் அவருக்கு முன் நிற்பவர் முன்னவரே, பின் நிற்பவர் பின்னவரே.

நேரசூசி புதிதாக வகுக்கப்படும் காலங்களில் 'பிக்' என்று அவர்கள் கூறும் தெரிவு நடைபெறும். எந்த வழி, எந்த முனையத்தில் எத்தனை மணிக்கு வேலை தொடக்கம், கிழமையில் எந்த இரு நாள்கள் ஓய்வு என்பன எல்லாம் நிரலாக எழுதப்பட்டிருக்கும். மூப்பு முறைப்படி ஒவ்வொருவராக அழைக்கப்படுவர். முதலில் நிற்பவர் எல்லாவற்றிலும் தமக்கு உகந்ததை எடுப்பார். அடுத்தவர் எஞ்சியதில் எடுப்பார். கடைசியில் நிற்பவர்க்குத் தெரிவு என்பது பெயரளவே. முன்னவர் எவரும் விரும்பாது விட்டது அவர் பங்காகும். எனவே மூத்தவர் காலையிற் சென்று மாலையில் மீள்வார்; சனி ஞாயிறுகளில் வீட்டில் இருப்பார்; கோடையில் விடுமுறை எடுப்பார். இளையவர் நள்ளிரவில் ஓட்டுவார். செவ்வாயும் புதனும் ஓய்வென்பார். பனிக்காலத்தில் விடுமுறை பெறுவார். அதுவும் வாயாதோர் மேலதிகப் பட்டியலிற் சேர்க்கப்படுவர். நாளை எந்த வழி, எத்தனை மணி என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரிய வரும்.

வயது இங்கே எடுபடாது. 50 வயதில் வந்து சேர்ந்தவர், 10 ஆண்டு சேவை செய்த 33 வயதினர்க்குப் பின்னேதான் நிற்பார். தலை நரைத்தவர் நள்ளிரவு வண்டிக்குச் செல்ல, அவர் மகன் வயதினர் பகல் வேலையை எடுப்பதும் உண்டு. மூப்பு வேறு, முதுமை வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுமா?

இஃது அறமாகுமா என்று கேட்பார் இருப்பர். கேள்வி நியாயமானதே. சிறு குழந்தைகளை உடையவன் இளையவன். மாலையில் வீட்டில் இருக்க வேண்டியவனும் அவனே. பிள்ளைகள் வளர்ந்து அகன்ற வீட்டை உடைய மூத்தவர்க்கு மாலை கிடைக்கின்றது; இவனுக்கு இரவு கிடைக்கின்றது. தேவை ஒரு பக்கம் இருக்க, உரிமை மற்றொரு பக்கம் செல்கின்றது.

ஆயின் இம்முறைக்கு மாற்று யாது என்பதையும் எண்ண வேண்டும். சேவைமூப்பு இல்லாத இடத்தில் மேலாளரின் விருப்பு வெறுப்பே முறையாகிவிடும். கம்பனிகள் ஆண்ட காலத்திலே தொழிலாளர் பேச்சை ஒட்டுக்கேட்டுச் சொல்லும் ஒற்றர்கள் இருந்தனர். கறுப்பினத்தவர்க்குச் சாரதி ஆசனம் எட்டாதிருந்தது. நிலையங்களைப் பெருக்குதல், சுமை தூக்குதல் போன்ற வேலைகளே அவர்களுக்கு விடப்பட்டன. 1934இல் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அயர்லாந்திலிருந்து குடியேறியோர் பலர் அதில் முன்னின்றனர். அவர்கள் கேட்டவற்றுள் ஊதியத்தோடு முறையும் இருந்தது. பட்டியல் எண்ணுக்கு நிறமில்லை, பிறந்த ஊரில்லை, முகத்துதி தெரியாது. தேவையை அளக்கும் கோல் ஒருவர் கையில் இருந்தால் அவர் அதனைச் சாய்த்துப் பிடிக்கலாம். நாளை அளக்கும் கோலைச் சாய்த்தல் அரிது. ஆகையால் எல்லார்க்கும் ஒருநாள் வரும் நன்மைக்காக எல்லாரும் சில ஆண்டுகள் துன்பத்தை ஏற்கின்றனர். வரிசை முன்னே நகரும் என்ற நம்பிக்கையே இம்முறையின் உயிர். நகராத வரிசை கொடுமையாகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1918இன் பாடம்

முதிர்ச்சி இல்லாத கையிற் கைப்பிடி சென்றால் யாது நேரும் என்பதற்கு நியூயோர்க் பெருவிலை கொடுத்திருக்கின்றது. 1918 நவம்பர் முதலாந் தேதி, புறூக்ளின் பகுதியில் இரயில் நடத்திய கம்பனியின் சாரதிகள் வேலைநிறுத்தஞ் செய்தனர். சங்கத்திற் சேர்ந்தமைக்காக நீக்கப்பட்டவர்களைத் திருப்பி எடுக்கும்படி அரசாங்கத்தின் சபையொன்று பணித்தும் கம்பனி கேட்கவில்லை என்பது அவர்கள் குறை. கம்பனி வண்டிகளை எவ்வாறாயினும் ஓட்டிக் காட்ட விரும்பியது. சாரதிகளுக்கு வேலை பங்கிடும் காரியாலயத்தில் இருந்த இளைஞன் ஒருவனைச் சாரதி ஆசனத்தில் இருத்தியது. முறையாகப் பெற வேண்டிய பயிற்சியில் அவன் பெற்றது மிகச் சிறிது. அவ்வழியில் அவன் முன்னர்ப் பயணிகளை ஏற்றி ஓட்டியதில்லை. அக்காலத்துப் பரவிய சளிச்சுரத்திலிருந்து அப்போதுதான் எழுந்தவன். அவன் குழந்தை ஒன்று இறந்து ஒரு கிழமை அளவே ஆகியிருந்தது.

மாலை நேரம், வேலை முடிந்து வீடு செல்வோர் நிறைந்த வண்டி. மல்போன் தெருவில் சுரங்கத்தின் வாயிலை அடுத்து ஒரு கடும் வளைவு. அங்கே மணிக்கு 6 மைல் வேகத்தை மிஞ்சலாகாது என்பது விதி. அதனைப் பன்மடங்கு மிஞ்சிய வேகத்திற் சென்ற வண்டி தடம் புரண்டு சுரங்கச் சுவரில் மோதிற்று. பெட்டிகள் மரத்தாலானவை, நொறுங்கின. குறைந்தது 93 பேர் மாண்டனர். இளைஞன் மீது தொடுத்த வழக்கில் அவன் குற்றவாளியல்லன் எனத் தீர்ப்பாயிற்று. தெருவின் பெயரையே பின்னர் மாற்றினர்.

அன்று காலை வேலைக்கு வாராதிருந்த சாரதிகள் அந்த வளைவை அறிவர். எங்கே தடையைத் தொட வேண்டும், நிறைந்த வண்டி எவ்வளவு தூரத்தில் அடங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். கம்பனியின் கணக்கேட்டிலோ கைகள் யாவும் ஒரே விலை. ஒரு கை போனால் மற்றொரு கை என்று அது எண்ணியது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1993 மே மாதத்தில் 16 வயதுச் சிறுவன் ஒருவன், விடுமுறையில் நின்ற சாரதி ஒருவரின் பெயரைச் சொல்லி, வண்டியொன்றைப் பெற்று, 3 மணி நேரத்துக்கு மேல் பயணிகளை ஏற்றி இறக்கி ஓட்டினான். இரயிலின் மேல் கொண்ட பேராசையால் நூல்களைப் படித்தும் சாரதிகளைக் கேட்டும் தானாகவே கற்றவன். ஒரு வளைவில் வேகம் மிஞ்சியபோது பாதையோரத்துப் பொறி வண்டியைத் தடுத்து நிறுத்திற்று. அதனாலேயே அவன் அகப்பட்டான். யாருக்கும் தீங்கில்லை. ஊரார் வியந்தனர். ஆசிரியனாகிய எனக்கு அதில் ஒரு நயம் புலப்படுகின்றது: கல்வி முழுதும் இருந்தும் வளைவிலேதான் அவன் பிழைத்தான். 1918இலும் வளைவே; 1993இலும் வளைவே. நேர்வழியை ஏட்டிற் கற்கலாம். வளைவை உடன் நின்று காட்டுவார் வேண்டும்.

அந்நகரத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. பயிற்சி பெறும் புதியவர், வழிதோறும் தேர்ந்த சாரதி ஒருவரின் சிற்றறையில் அவர் அருகே நின்று, அவர் கண்காணிப்பில் ஓட்டிப் பழகுவார். வெளியிற் செல்லும் பகுதிகளில் மழை பெய்தால் எங்கே தண்டவாளம் வழுக்கும், எந்த விளக்கு மெல்ல அணுகினால் மாத்திரமே பச்சையாகும், எந்த நிலையத்தில் கூட்டம் மேடையின் விளிம்புக்கு நெருங்கும் என்பன எல்லாம் அங்கே வாய்மொழியாகக் கைமாறும். நம் மரபிலே ஓர் ஆசிரியரிடம் கற்றலைப் 'பாடங் கேட்டல்' என்பர். ஏடு கையில் இருந்தும், கேட்டால் அன்றிப் பாடம் ஆகாது என்பது அதன் கருத்து. சுரங்கத்தின் இருளிலும் அதே மரபு வாழ்கின்றது.

உடம்பின் கணக்கு

முதிர்ச்சி வளரும் ஆண்டுகளிலேயே உடம்பு தேய்கின்றது. இரும்புத் தூசி, சக்கரங்களின் கிறீச்சிடல், பகலிரவு அறியாத வாழ்வு, நேரந் தவறிய உணவு, மாறி மாறி வரும் தூக்கம் என்பன இத்தொழிலின் கூலிக்கு மேற்பட்ட கூலிகள். கண்ணும் காதும் நிறம் பிரித்தறியும் ஆற்றலும் காலந்தோறும் சோதிக்கப்படும். சாரதியின் பிடி தளர்ந்தால் தடை தானே விழுந்து வண்டியை நிறுத்தும் வகையில் கைப்பிடி அமைந்துள்ளது. 'இறந்தவன் கைப்பிடி' என்று பொருள்படும் பெயரால் அதனை வழங்குவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர் போகலாம் என்பதை எண்ணியே செய்த கருவியை, நாள் முழுதும் கையிற் பிடித்திருக்கும் தொழில் வேறெங்குண்டு?

அதனினும் கொடியது மற்றொன்று. 'பன்னிரண்டு ஒன்பது' என்பது அவர்களின் வானொலிக் குறியீடு. ஒருவர் வண்டியின் கீழ் அகப்பட்டார் என்பது அதன் பொருள். தவறி விழுவோரும் உளர்; தாமே பாய்வோரும் உளர். சாரதி தடையை இட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதன்றி வேறொன்றும் செய்ய இயலாது. பல நூறு தொன் எடையுள்ள வண்டி உடனே நிற்பதில்லை. சில நாள் விடுப்பின் பின் பலர் மீண்டும் ஓட்டுகின்றனர். சிலர் மீண்டும் அவ்வாசனத்தில் அமர்வதே இல்லை. அவர் 28 வயதினராயினும் அன்று முதியவராகிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். முதுமையைப் பிறந்த தேதியால் மாத்திரம் அளத்தல் பிழை என்பதற்கு இவர்கள் சான்று.

இளைப்பாறும் வயது

ஆங்கிலத்தில் வேலையை விட்டு நீங்குதற்கு வழங்கும் சொல்லின் அடிப்பொருள் பின்வாங்குதல் என்பதாம். நாம் இளைப்பாறுதல் என்கின்றோம். இளைத்தவன் ஆறுதல் பெறுகின்றான். எத்தனை ஆண்டு உழைத்தவன் இளைத்தவன் என்பதே நியூயோர்க்கில் 60 ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு.

1966ஆம் ஆண்டின் முதல் நாள் மைக் குவில் என்னும் தலைவரின் கீழ்த் தொடங்கிய வேலைநிறுத்தம் 12 நாள் நகரத்தை முடக்கிற்று. குவில் சிறையில் நோயுற்று, அம்மாத இறுதியிலே காலமானார். அடுத்துவந்த உடன்படிக்கையால் 1968இல் ஒரு பெரும் பேறு கிடைத்தது: 20 ஆண்டு சேவையும் 50 வயதும் நிறைந்தோர் பாதிச் சம்பளத்துடன் இளைப்பாறலாம். உழைத்தோர் மகிழ்ந்தனர், மகிழ உரிமையும் அவர்களுக்கு இருந்தது. ஆயின் கதவு திறந்தவுடன், இரண்டாம் உலகப் போரின் பின் வேலைக்கு வந்த தலைமுறையில் மிகப் பலர் ஒருங்கே வெளியேறினர். சாரதிகளும் சென்றனர், வண்டிகளைச் செப்பனிடும் தேர்ந்த வினைஞரும் சென்றனர். 30 ஆண்டு அறிவு இரண்டொரு ஆண்டில் வாயிலைக் கடந்து போயிற்று. பின்வந்த பத்தாண்டில் அவ்விரயில் சீர்குலைந்ததற்குப் பணமின்மை முதலான காரணங்கள் பல. கைதேர்ந்தோர் ஒருங்கே அகன்றதும் அவற்றுள் ஒன்று. குறை இளைப்பாறியோரிடத்தில் இல்லை. ஓய்வூதியத்தைப் பணக் கணக்காக மாத்திரம் எண்ணி, அறிவு கைமாறும் கணக்கை எழுதாது விட்டோரிடத்திலேயே குறை.

நகரம் வறுமையுற்ற பின் கதவு மறுபுறம் சாய்ந்தது. 1976க்குப் பின் சேர்ந்தோர்க்கு 62 வயது என்றாயிற்று. 1994இல் சட்டம் மீண்டும் திருந்தி, 25 ஆண்டு சேவையும் 55 வயதும் என நின்றது. ஒருவர் முன்பின்னாகச் சில ஆண்டு இடைவெளியிற் சேர்ந்த காரணத்தால், ஒரே வண்டியின் இரு சாரதிகளுக்கு இரு வேறு விதிகள் நேர்ந்தன.

இவையெல்லாம் போகலாம் என்னும் வயது. போகவேண்டும் என்னும் வயதன்று. அமெரிக்காவில் 1967இல் ஆக்கப்பெற்று 1986இல் விரிவாக்கப்பெற்ற சட்டம், வயது ஒன்றையே காரணமாகக் கொண்டு வேலையை விட்டு நீக்குதலைப் பெரும்பாலான தொழில்களில் தடுக்கின்றது. விமானக் கம்பனிகளின் விமானிகளுக்கு 65 என்னும் எல்லை உண்டு. சுரங்க இரயிற் சாரதிக்கு அவ்வெல்லை இல்லை. உடற்சோதனையில் தேறும்வரை ஓட்டலாம். தேறி ஓட்டுவோரும் உளர். ஏன் எழவில்லை என்று அவர்களைக் கேட்டல் எளிது. 30 ஆண்டு நள்ளிரவு ஓட்டிப் பட்டியலின் தலைக்கு வந்தவர், காலை வேலையும் ஞாயிற்றுக்கிழமையும் கைக்கு வந்தவுடன் அதனை விட்டுப் போ என்றால் எவ்வாறு போவார்? ஆயினும் தலையில் நிற்பவர் ஒருவர் எழுந்தால் கீழே நிற்பவர் அத்தனை பேரும் ஒரு படி ஏறுவர். அவர் அமர்ந்திருக்கும் ஒவ்வோராண்டும் கடைசியில் நிற்பவனுக்கு மற்றுமோராண்டு நள்ளிரவு. சேவைமூப்புப் பட்டியலில் மேலிருப்போர் யாவரும், நான் உட்பட, இக்கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்த்தல் தகும்.

பின்வருவோர் பொருட்டு

2005 டிசெம்பரில் நிகழ்ந்ததை நான் படித்தபோது நெடுநேரம் சிந்தித்தேன். புதிய உடன்படிக்கை பேசும் வேளையில், இனிமேற் சேர்வோர்க்கு இளைப்பாறும் வயது 55இலிருந்து 62 ஆகவேண்டும் என்று அதிகாரசபை கேட்டது. பின்பு அதனைக் கைவிட்டு, இனிமேற் சேர்வோர் ஓய்வூதிய நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 2க்குப் பதிலாக 6 செலுத்த வேண்டும் என்றது. வேலையில் இருந்தவர்க்கு இவற்றால் ஒரு சதமும் நட்டமில்லை. 'அவ்வாறே ஆகுக, எமக்கு உள்ளதைத் தருக' என்று அவர்கள் கையெழுத்திட்டிருக்கலாம். திரினிடாட்டிற் பிறந்தவரான ரோஜர் டூசானின் தலைமையில் சங்கம் அதனை ஏற்கவில்லை. 20ஆந் தேதி தொடக்கம் 3 நாள் வண்டிகள் ஓடவில்லை. கடுங்குளிரில் மக்கள் புறூக்ளின் பாலத்தின்மேல் நடந்து சென்றனர்.

1966இன் பின் வந்த சட்டத்தால் அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்தல் குற்றம். வேலை நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாட் சம்பளம் தண்டமாகும். சங்கத்துக்கு 25 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தலைவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மக்களுக்கு உண்டான இடரை நான் சிறிதென்று சொல்லவில்லை. நோயாளரும் அன்றாடங் கூலி பெறுவாரும் அம்மூன்று நாளில் துன்புற்றனர். வேலைநிறுத்தம் செய்தது சரியா என்று சங்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. பிற்காலத்தில், 2012இன் சட்டம் புதியவர் செலுத்தும் பங்கை எப்படியும் உயர்த்திவிட்டது. எனினும் ஒன்றை மறுக்க இயலாது: பட்டியலின் மேலே இருந்தோர், இன்னும் பட்டியலிற் பெயரே இல்லாதவர் பொருட்டுத் தம் சம்பளத்தை இழந்தனர். முகம் அறியாத பின்னவனைத் தம்மவன் என்று எண்ணினர். மூப்புக்கு இதனினும் உயர்ந்த பொருளை நான் அறியேன்.

கொள்ளைநோயின் பின்

2020இல் நோய் பரவியபோது அந்நகரத்துப் போக்குவரத்து ஊழியருள் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவரையும் தாதியரையும் வேலைக்குக் கொண்டுசென்ற வண்டிகளை ஓட்டியோர் அவர்கள். 2021 ஜனவரியில் நிலையங்களின் திரைகளிலே அவர்கள் முகங்களைக் காட்டி நகரம் அஞ்சலி செலுத்திற்று. அக்காலத்திற் பலர் இளைப்பாறவும் செய்தனர். பணமுடையால் அதிகாரசபை புதியவரைச் சேர்த்தலை நிறுத்தி வைத்தது. விளைவு யாதென்பதை 1968ஐப் படித்தவர் முன்னமே சொல்லியிருப்பர். 2021இல் வண்டிகள் இருந்தும் ஓட்டுவார் இன்றிப் பல ஓட்டங்கள் நிறுத்தப்பட்டன. சாரதி ஒருவரை ஆக்கப் பல மாதங்கள் வேண்டும். பணம் வந்த அன்றே சாரதி வாரார். இறுதியில் அதிகாரசபை, இளைப்பாறியோர்க்கே ஓலை விடுத்து, நல்ல ஊதியம் தருவோம், சில மாதம் வந்து உதவுக என்று வேண்டிற்று. போனவர் போகட்டும் என்று கணக்கெழுதியோர், போனவரைத் திரும்ப அழைத்தனர்.

இத்தனை தொல்லை எதற்கு, பொறியே ஓட்டலாமே என்பாரும் உளர். அதனையும் நியூயோர்க் முன்னமே பார்த்திருக்கின்றது. 1962 ஜனவரியில் 42ஆம் தெருவின் குறும்பாதையில் சாரதியின்றித் தானே ஓடும் வண்டியை விட்டனர். சங்கம் வற்புறுத்தியதால் அதிலும் ஒரு சாரதி கைகட்டி நின்றார். 1964 ஏப்ரலில் நிலையத்தில் உண்டான தீயில் அவ்வண்டி அழிந்தது. அம்முயற்சியும் அதனோடு நின்றது. இன்று வேறு முறையாற் சில வழிகளில் வேகத்தைப் பொறியே ஆளுகின்றது. சாரதியும் முன்னறையில் இருக்கின்றார். பொறிக்கு முதுமை வரும், துருப்பிடிக்கும். மூப்பும் முதிர்ச்சியும் அதற்கு வாரா. தன் பின்வரும் பொறிக்கு அது ஒன்றையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆக, இச்சாரதிகளின் நூற்றாண்டு வரலாற்றால் நான் தெளிந்தது இது. முதுமைக்கு ஆறுதல் வேண்டும். அதனைச் சட்டமும் ஓய்வூதியமும் தரலாம். மூப்புக்கு மதிப்பு வேண்டும். அதனைப் பட்டியல் தரலாம். முதிர்ச்சியை மாத்திரம் ஓர் அலுவலகமும் தர இயலாது. ஒருவர் அருகே மற்றொருவர் நிற்கும் காலத்திலேயே அது கைமாறும். முதியோரை ஒருங்கே அனுப்பிவிட்டு இளையோரைத் தேடினாலும், முதியோர் எழாதிருக்க இளையோர் சலித்து நீங்கினாலும், அந்த உடன் நிற்குங் காலம் அற்றுப்போகும். மூப்பு உரிமையாக மாத்திரம் நின்றால் பின்னவன் தலையில் ஏறிய சுமை; கொடுத்துவிட்டுப் போகும் கடமையும் சேர்ந்தால் அதுவே அறம்.

சாரதி இளைப்பாறுகையில் வண்டியை எடுத்துச் செல்வதில்லை. பாதையையும் எடுத்துச் செல்வதில்லை. அவர் எடுத்துச் சென்றுவிடக்கூடியது ஒன்றே: வளைவைப் பற்றிய அறிவு. அதனை இறங்குமுன் அடுத்தவர் கையிற் கொடுத்தவரே உண்மையில் இளைப்பாறியவர். ஏனையோர் வேலையை விட்டவர் மாத்திரமே. இது சுரங்கத்தில் வண்டி ஓட்டுவார்க்கும் பொருந்தும். வகுப்பறையில் ஏடு விரிப்பார்க்கும் பொருந்தும்.